எழுந்திருக்க யோசிக்கும் நாய்: முதிய நாயின் மூட்டுத் தேய்மானம்

அஞ்சடியில், அதாவது வாசல் நடைபாதையில், படுத்திருக்கும் நாய், வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும் ஒரு காலத்தில் துள்ளி எழுந்து ஓடும். இப்போது தலையை மட்டும் தூக்கிப் பார்க்கிறது. எழுவதென்றால் முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, பின்பகுதியை இழுத்துத் தூக்கி, நாலைந்து எட்டு விறைப்பாக வைத்த பிறகுதான் நடை சீராகிறது. "பத்து வயசாச்சு, கெழடு தட்டிருச்சு" என்று வீட்டில் பேச்சை முடித்துவிடுவார்கள். வயதானால் முகவாயில் முடி நரைக்கும், காது மந்தமாகும். எழத் திணறுவதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பெரும்பாலும் அது மூட்டுத் தேய்மான வலி. வயதுக்கு மருந்து கிடையாது, வலிக்கு உண்டு.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது

இரண்டு எலும்புகள் சேருமிடத்தில் ஒவ்வொன்றின் முனையையும் வழுவழுப்பான குருத்தெலும்பு மூடியிருக்கும். இடையே முட்டை வெள்ளைக் கரு போலக் கொழகொழப்பான திரவம் கொஞ்சம் இருக்கும். அதைச் சுற்றி ஓர் உறை. குருத்தெலும்பில் நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. அதனால் அது தேயும்போது வலிக்காது. தேய்ந்தால் ஒழுங்காக ஆறவும் ஆறாது. வலி வருவது அடியில் உள்ள எலும்பிலிருந்தும், வீங்கிப்போன உறையிலிருந்தும்தான். நாய் நொண்ட ஆரம்பிக்கும் நாளில் உள்ளே தேய்மானம் ஏற்கெனவே வெகுதூரம் போயிருக்கும் என்பதற்குக் காரணம் இதுவே. பிறகு மூட்டின் ஓரங்களில் எலும்பு முளைவிடும், உறை தடிக்கும், மடக்க நீட்ட முடிகிற அளவு குறையும்.

இதோடு நிற்பதில்லை. வலிக்கிற காலை நாய் குறைவாக ஊன்றும். ஊன்றாத காலில் தசை வற்றும். மூட்டை இறுக்கிப் பிடித்திருப்பதே தசைதான். அது வற்றினால் மூட்டு ஆட்டம் காணும், வலி கூடும். நாய் இன்னும் குறைவாக நடக்கும், உடம்பு போடும், அந்தப் பாரமும் அதே மூட்டில் இறங்கும். வைத்தியம் முழுவதும் இந்தச் சுழலை ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடங்களில் அறுப்பதுதான். மாத்திரை மட்டும் கொடுத்துவிட்டு வழுக்குகிற தரையிலேயே நாயை விட்டால் பாதி வேலைதான் நடக்கும்.

நாய்களுக்கு இது சும்மா வயதால் வருவது குறைவு. பிறவியிலேயே இடுப்புக் கிண்ணம் சரியாகப் பொருந்தாதது, முழங்காலுக்குள் இருக்கும் நார் அறுந்தது, எப்போதோ வண்டியில் அடிபட்டு எலும்பு கோணலாகக் கூடியது என்று பழைய கதை ஒன்று பின்னால் இருக்கும். தோட்டத்து நாய்களில் மூன்றாவது ரகம் அதிகம். இடுப்பு, முழங்கால், முன்னங்கால் முட்டி, கீழ்முதுகு ஆகியவை வழக்கமான இடங்கள்.

நாய் ஏன் கத்துவதில்லை

"வலிச்சா கத்தாதா?" என்று கேட்பார்கள். கத்தாது. நாள்பட்ட வலியை நாய் நடத்தையில்தான் காட்டும். படியில் இரண்டு பின்னங்காலையும் சேர்த்து முயல் போலக் குதித்து ஏறும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன் நிற்கும்போது பின்னங்கால் நடுங்கும். ஒரே மூட்டை நக்கி நக்கி அங்கே முடி பழுப்பேறும். பிள்ளைகள் இடுப்பைத் தொட்டால் உறுமும். பத்து வருடமாகச் சாதுவாக இருந்த நாய் "கோவக்காரனா" மாறிவிட்டதென்றால் முதலில் மூட்டைச் சந்தேகியுங்கள். பின்னங்கால் நகங்களின் மேற்புறம் தேய்ந்திருந்தால் காலைத் தூக்காமல் இழுத்து நடக்கிறது என்று பொருள். தொடையை இரண்டு கையாலும் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மெலிந்திருந்தால் அந்தக் காலை அது நெடுநாளாக மிச்சம் பிடித்து வருகிறது.

கைத்தொலைபேசியில் படம் பிடித்துவைப்பது பெரிய உதவி. கிளினிக்குப் போனதும் பயத்திலும் பரபரப்பிலும் பல நாய்கள் நொண்டலை மறந்து நேராக நடந்துவிடும். மருத்துவருக்கு ஒன்றும் தெரியாமல் போகும். காலையில் தூங்கி எழும் முதல் நிமிடம், பக்கவாட்டில் நடப்பது, படி ஏறுவது, மூன்றையும் முப்பது முப்பது விநாடி எடுத்து வையுங்கள்.

தேய்மானம் என்று முடிவு கட்டுமுன்

நம் பக்கத்தில் நொண்டலுக்கு வேறு காரணங்களும் நிறைய. மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி சுற்றிலும் செம்பனை உள்ள பட்டணங்களில் முதலில் பார்க்க வேண்டியது பாதம். செம்பனை மட்டையின் முள் ஏறி உள்ளே முறிந்தால் வெளியே சிறு புள்ளி மட்டும் தெரியும். மூட்டுக்குள் போனால் மூட்டே வீங்கும். விரலிடுக்கை விரித்து, நல்ல வெளிச்சத்தில், ஒவ்வொரு பஞ்சுப் பாதத்தையும் அழுத்திப் பாருங்கள். ஆழமாக இறங்கிய முள்ளை ஊசி வைத்து நோண்டாதீர்கள். அது உடைந்து இன்னும் உள்ளே போகும்.

அடுத்தது உண்ணிக் காய்ச்சல். பழுப்பு உண்ணி பரப்பும் இந்த நோயிலும் மூட்டு வீங்கி வலிக்கும். இன்று ஒரு கால், நாளை இன்னொரு கால் என்று நொண்டல் மாறும். காய்ச்சல், சோறு வேண்டாமை, வெளிறிய ஈறு, மூக்கில் இரத்தம், இவற்றில் ஏதாவது சேர்ந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். இதற்கு மருந்தே வேறு. வலி மாத்திரையால் மூடி மறைத்தால் நாள்தான் போகும்.

தோட்டங்களில் வைக்கும் எலி மருந்தையும் மறக்க வேண்டாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை மருந்து அது. தின்றவுடன் ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து மூட்டுக்குள்கூட இரத்தம் கசியும். திடீர் நொண்டலோடு ஈறு வெளுத்திருந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். இவை போக, ஒரே இரவில் காலை ஊன்றாமல் போனால் முழங்கால் நார் அறுந்திருக்கலாம். ஓர் எலும்பு மட்டும் கெட்டியாக வீங்கி நாளுக்கு நாள் வலி கூடினால் எலும்புப் புற்றும் இருக்கலாம். எக்ஸ்ரே இதற்குத்தான். தேய்மானத்தை உறுதி செய்வதைவிட, மற்றதெல்லாம் இல்லை என்று தெரிந்துகொள்ளவே அது அதிகம் பயன்படும். எக்ஸ்ரேயில் தெரியும் தேய்மானமும் நாய் படும் வலியும் ஒரே அளவில் இருப்பதில்லை.

எடை: அதிகப் பலன், குறைந்த செலவு

ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் எடையைக் குறையுங்கள். அமெரிக்காவில் 48 லாப்ரடோர் நாய்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்றின் முடிவு 2002இல் வெளிவந்தது. கால்வாசி உணவு குறைத்துக் கொடுக்கப்பட்டவை ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. ஏற்கெனவே தேய்மானம் உள்ள குண்டு நாய்களில் உடல் எடையில் ஆறேழு விழுக்காடு குறைந்தாலே நொண்டல் கண்ணுக்குத் தெரிய குறைகிறது.

குண்டா இல்லையா என்று அறிய உங்கள் கையே போதும். விரலை நீட்டிப் புறங்கையைத் தடவுங்கள். நாயின் விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் சரியான எடை. உள்ளங்கைப் பக்கம் விரல் அடியைத் தடவுவது போல் மெத்தென்று இருந்தால் கொழுப்பு கூட. கையை மடக்கி விரல் கணுக்களைத் தடவுவது போல் துருத்தினால் மெலிவு. எடை பார்க்க, நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, கழித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. 24 கிலோ நாய் 20 கிலோவுக்கு வர வேண்டும் என்று வைப்போம். 20 கிலோ உடம்புக்கு ஓய்வு நிலையில் தேவைப்படுவது நாளுக்குச் சுமார் 660 கலோரி. இளைக்கும்வரை அதுவே முழு நாளின் அளவு. ஒட்டுக்கடையில் பசியாறும்போது மேசைக்கடியில் போடும் ஒரு ரொட்டி சானாய் (பரோட்டா போன்றது) ஏறத்தாழ 300 கலோரி. அதாவது நாயின் ஒரு நாள் பங்கில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. "சும்மா ஒரு துண்டுதானே" என்று ஆளுக்கொரு துண்டு போடும் வீட்டில் எந்த டயட்டும் நிற்காது. பாலும் சீனியும் போட்ட தேநீரில் நனைத்த பிஸ்கட்டும் இதே ரகம். வீட்டில் உள்ள எல்லாரும், முக்கியமாகத் தாத்தாவும் பாட்டியும், உடன்பட வேண்டும். நாய் உணவு விஷயத்தில் தோற்பது பெரும்பாலும் அங்கேதான்.

பொட்டலத் தீவனம் 100 கிராமில் சுமார் 350 கலோரி இருக்கும். 660க்கு 190 கிராம் வரும். தகர டப்பாவால் அள்ளாமல் சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். வீட்டுச் சோறுதான் என்றால் சோற்றைப் பாதியாக்கி அந்த இடத்தை அவித்த பூசணி, கங்கோங் கீரை, தோல் நீக்கிய கோழி இறைச்சியால் நிரப்பலாம். குழம்பு ஊற்ற வேண்டாம்: உப்பும் எண்ணெயும் ஒரு புறம், வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுவைச் சிதைப்பது மறுபுறம். வாரத்துக்கு 250 முதல் 500 கிராம் வரை குறைந்தால் சரியான வேகம். இரண்டிலிருந்து நான்கு மாதம் பிடிக்கும். பட்டினி போட்டு வேகமாக இறக்கினால் கொழுப்போடு தசையும் போகும், நமக்குத் தேவையான தசை.

தரை, படி, படுக்கை

மார்பிள் மாதிரி பளபளக்கும் ஓடு பதித்த தரை மூட்டு நோயுள்ள நாய்க்கு எதிரி. ஒவ்வொரு முறை எழும்போதும் பின்னங்கால் இரு பக்கமும் வழுக்கி விரியும், இடுப்பு இழுபடும். வீடு முழுக்க விரிப்புப் போட வேண்டியதில்லை. அது படுக்குமிடம், தண்ணீர்ச் சட்டி, வாசல், இந்த மூன்றையும் இணைக்கும் ஒரு பாதைக்கு ரப்பர் பாய் அல்லது பிள்ளைகள் விளையாடும் நுரைப் பாய் போட்டால் போதும். நகம் நீண்டிருந்தால் பாதம் தரையில் படியாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெட்டுங்கள். பாதத்துக்கடியில் முடி வளர்ந்திருந்தால் அதையும்.

படிக்குச் சாய்வுப் பலகை வைக்கலாம். உயரத்தைப்போல் நான்கு மடங்கு நீளம் வேண்டும். 30 சென்டிமீட்டர் உயரமுள்ள திண்ணைக்கு 120 சென்டிமீட்டர் பலகை. அகலம் 40க்குக் குறையாமல். மேலே பழைய ரப்பர் பாயை ஒட்டி ஆணியடியுங்கள், இல்லையென்றால் மழை பெய்ததும் சறுக்குமரமாகிவிடும். பலகை லேசாக ஆடினாலும் நாய் ஒரு தடவை பயந்து மறுபடி ஏறாது. மோட்டார் கூடையிலிருந்தும் லோரியிலிருந்தும் குதிப்பதை அடியோடு நிறுத்துங்கள். ஏறுவதைவிட இறங்குவதில்தான் முன்னங்கால் முட்டி அடி வாங்குகிறது.

படுக்கைக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் தடிப்புள்ள கெட்டி நுரை. முட்டியால் அழுத்திப் பாருங்கள், தரை தட்டுப்பட்டால் மெல்லியது. இலவம்பஞ்சு மெத்தை கட்டி கட்டியாகிவிடும். நண்பகலில் நாய் மெத்தையை விட்டு வெறும் சிமெண்டில்தான் போய்ப் படுக்கும், நம் வெயிலுக்கு அது நியாயம்தான். சண்டை போடாமல் மெத்தையைக் காற்றாடிக்கு நேராக வையுங்கள்.

நடை

"பாவம், வலிக்குது" என்று கட்டிப் போட்டு வைப்பதும் தவறு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் இழுத்துக்கொண்டு போவதும் தவறு. தினமும் ஒரே அளவு, குறைவாக, பல தடவை. பத்து நிமிடம் மூன்று வேளையில் தொடங்குங்கள். மறுநாள் காலை விறைப்பு கூடவில்லை என்றால் வாரத்துக்கு ஒன்றிரண்டு நிமிடம் ஏற்றலாம். கூடியிருந்தால் முந்தைய அளவுக்கு இறக்குங்கள். தார் ரோட்டைவிடப் புல் நல்லது. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஆறரைக்குப் பின்பும்தான். புறங்கையைத் தார் மேல் ஏழு விநாடி வைக்க முடியவில்லையென்றால் நாயின் பாதமும் சுடும்.

தசை வளர இரண்டு எளிய பயிற்சிகள். ஒன்று, உட்கார வைத்து எழுப்புவது: ஐந்து முறை, நாளுக்கு இரு வேளை, வழுக்காத தரையில். மற்றது, நான்கைந்து துடைப்பக் கட்டைகளைத் தரையில் நாயின் உடல் நீள இடைவெளியில் போட்டு மெதுவாகத் தாண்டி நடக்க வைப்பது. காலைத் தூக்கி வைக்க அது கற்றுக்கொள்ளும். நீச்சல் மூட்டுக்கு நல்லதுதான். ஆனால் பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலும் தோட்டத்துக் கால்வாயிலும் இறக்காதீர்கள். கரை செங்குத்து, கிழட்டு நாய் ஏற முடியாது. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் வேறு.

காலை விறைப்புக்கு வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை மூட்டில் பத்து நிமிடம் வைத்துவிட்டு நடக்கக் கூட்டிப் போகலாம். உங்கள் முழங்கை உட்புறம் தாங்கும் சூடு போதும். திடீரென்று வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டுக்கு ஒத்தடம் கூடாது; துணியில் சுற்றிய ஐஸ், பத்து நிமிடம்.

மருந்து

முதலில் கொடுக்கக் கூடாதவை. வீட்டு அலமாரியில் உள்ள மனிதர் வலி மாத்திரைகளான பொன்ஸ்டான், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் வேண்டாம். நம் உடம்பு இவற்றை வெளியேற்றும் வேகம் நாய்க்கு இல்லை. குடலில் புண்ணாகி இரத்தம் கசியும், சிறுநீரகம் நிற்கும். மூட்டில் தடவும் ஜெல்லும் அப்படியே, நாய் நக்கிவிடும். நீங்கள் உங்கள் முழங்காலில் தடவியதைக்கூட நக்கும். பனடோலும் (பாராசிட்டமால்) அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். அதே வீட்டில் பூனை இருந்தால் ஒரு மாத்திரையே உயிர் போகப் போதும்.

பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கும் மூட்டுவலி ஜாமு (நாட்டு மருந்து) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பதிவு பெறாத இத்தகைய மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. தின்ற நாய் இரண்டு நாளில் ஓடும், உண்மைதான். பிறகு மருத்துவர் தரும் வலி மாத்திரையோடு அது சேர்ந்தால் குடலில் ஓட்டை விழும் அபாயம். ஏற்கெனவே கொடுத்திருந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், இடைவெளி விட்டுத்தான் அவர் புது மருந்தைத் தொடங்குவார்.

நாய்க்கென்று உள்ளவை கார்ப்ரோஃபென், மெலோக்சிகாம், ஃபிரோகாக்சிப் போன்றவை. வீக்கத்தையும் வலியையும் சேர்த்துக் குறைக்கும். "மெலோக்சிகாம் மனுசனுக்கும் இருக்கே" என்று தோன்றும். மனிதர் மாத்திரை 7.5 மில்லிகிராம். நாய்க்குத் தொடர் அளவு வழக்கமாகக் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். 15 கிலோ நாய்க்கு நாளுக்கு 1.5 மட்டுமே. ஒரு முழு மாத்திரை ஐந்து நாள் மருந்தை ஒரே வாயில் ஊட்டுவதாகும். நாய்க்கான திரவ மருந்தில் கிலோ குறியிட்ட ஊசிக்குழாய் வருவது இதனால்தான்.

தொடங்குமுன் சிறுநீரக, கல்லீரல் இரத்தப் பரிசோதனை. இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் மறுபடி, அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சாப்பாட்டோடு கொடுங்கள், தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை இரட்டிக்காதீர்கள். வாந்தி, தார் போலக் கறுத்த மலம், சாப்பிட மறுப்பது, வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, இதில் ஒன்று வந்தாலும் மருந்தை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அதிகம் நடக்கும் தவறு இன்னொன்று: பத்து நாளில் நன்றாக ஓடுகிறதே என்று நிறுத்துவது. ஓடுவதற்குக் காரணம் மருந்துதான். குறைப்பதானால் மருத்துவர் சொல்லும் படிப்படியான அளவில் குறையுங்கள்.

இவை போதாதபோது கேபபென்டின் சேர்ப்பார்கள். மனிதருக்கான திரவ வடிவில் சைலிடால் என்ற இனிப்பு இருக்கலாம், அது நாய்க்கு விஷம். மாத்திரை வடிவே கேளுங்கள். வலி நரம்பின் சமிக்ஞையைத் தடுக்கும் பெடின்வெட்மாப் என்ற மாதாந்தர ஊசி ஐரோப்பாவில் 2020இலும் அமெரிக்காவில் 2023இலும் அனுமதி பெற்றது. பல நாய்களுக்கு நல்ல பலன். தள்ளாட்டம், வலிப்பு போன்ற பக்கவிளைவுகள் சில நாய்களில் பதிவானதால் 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகம் மருத்துவர்களுக்கு எச்சரிக்கை அனுப்பியது. பக்கத்து ஊர்க் கிளினிக்கில் எக்ஸ்ரே வசதி இல்லையென்றால் ஈப்போ பக்கம் போகலாம். சிக்கலான நாய்களுக்கு செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை உண்டு.

சத்து மாத்திரைகளில் ஆதாரம் உள்ளது மீன் எண்ணெய்தான். டப்பாவின் பின்னால் ஈபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகள் இரண்டையும் கூட்டுங்கள். சாதாரண 1000 மில்லிகிராம் மாத்திரையில் அது 300தான். 20 கிலோ நாய்க்கு அந்த இரண்டும் சேர்ந்து நாளுக்கு 1000 முதல் 2000 வரை வேண்டும், ஆகவே நான்கிலிருந்து ஆறு மாத்திரை. ஒன்றில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள், இல்லையேல் வயிற்றுப்போக்கு. ஒவ்வொன்றும் பத்துக் கலோரி, அதையும் கணக்கில் கழியுங்கள். மீன் ஈரல் எண்ணெய் வேறு பொருள். இந்த அளவில் கொடுத்தால் வைட்டமின் ஏ-யும் டி-யும் மிஞ்சிவிடும். குளுக்கோசமைனுக்கு ஆதாரம் பலவீனம். கெடுதல் செய்யாது, ஆனால் காசு குறைவு என்றால் அதை விட்டுவிட்டு அந்த வெள்ளியை வலி மருந்துக்கு வையுங்கள்.

இத்தனையும் செய்தும் ஒரு கட்டத்தில் மருந்து பிடிக்காமல் போகும். அதை நினைவை நம்பிக் கணிக்காதீர்கள், சுவர் நாட்காட்டியில் குறியுங்கள். தானாக எழுந்தது, சாப்பிட்டது, படுத்த இடத்திலேயே சிறுநீர் கழிக்காதது, வாலை ஆட்டி ஆளை வரவேற்றது. நான்கில் குறைந்தது மூன்று நடந்த நாளுக்கு ஒரு வட்டம், மற்ற நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. எழ முடியாத நாயை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபக்கம் புரட்டிப் போடுங்கள், படுக்கைப் புண் இடுப்பெலும்பு மேல்தான் முதலில் வரும். ஒரு மாதத்தில் பெருக்கல்கள் வட்டங்களைத் தாண்டினால் அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், மருந்தை மாற்றலாமா, இல்லை வலியில்லாமல் அனுப்பிவைக்கும் ஊசியைப் பற்றிப் பேசலாமா என்று நேராகக் கேளுங்கள்.